வியாசர்பாடிக்கு ஒரு கணக்கு, விழுப்புரத்துக்கு ஒரு கணக்கா?

தமிழ்நாடு போக்குவரத்துத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு பஸ் ஏன் ஓட்டை உடைசலாக இருக்கிறது என்று கேட்டால் 'நஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. அதைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

புறநகர் சாதாரண பஸ்ஸுக்கு 2018 ஜனவரியில் வைத்த கட்டணம் ஒரு ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. 50 சீட்டும் நிரம்பினால் கிலோமீட்டருக்கு 29 ரூபாய் வரும். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில், டீசல் 92 ரூபாய் விற்றால், அதில் ஏறக்குறைய 17 ரூபாய் டேங்குக்கே போய்விடும். மீதி 12 ரூபாயில்தான் டிரைவர், கண்டக்டர், டயர், ஸ்பேர், கடன் வட்டி எல்லாம். இதுவும் வண்டி நிரம்பினால்தான். மத்தியானம் பத்துப் பேரோடு போகும் டிரிப்புக்கும் அதே டீசல்தானே?

தனியார் பஸ்ஸும் இதே கட்டணத்தில்தான் ஓடுகிறது, அவர்கள் மட்டும் கரூரில் பாடி கட்டிப் புது வண்டி இறக்கவில்லையா என்பீர்கள். சரி. ஆனால் அவர்கள் கலெக்‌ஷன் உள்ள தடத்தில் ஓட்டுகிறார்கள். கடைசி டிரிப்பில் குக்கிராமத்துக்குப் போய் நைட் ஹால்ட் போடுவது பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்தான்.

கழகங்களின் வரவு செலவில் தேய்மானம் என்று ஒரு வரி வரும், அதாவது வண்டி பழசாகிப் போவதற்கு ஈடாக வருடா வருடம் எழுதும் தொகை. எழுதுவதோடு சரி, எடுத்து வைக்கக் கையில் காசு இருந்தால்தானே! அதனால்தான் புது பஸ்ஸுக்கு ஜெர்மன் வங்கிக் கடனையும் பட்ஜெட்டையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. 2023இல் பழைய சேசிஸ் மேல் புது பாடி கட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2025 ஜூனில் சென்னை வியாசர்பாடியில் மின்சார பஸ்கள் வந்தன. வண்டியும் டிரைவரும் தனியார், கண்டக்டர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகம். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அந்தத் தனியாருக்குப் பணம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு. வண்டி விலையும் வட்டியும் அதற்குள்ளேயே அடக்கம். நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, நெல்லைக் கழகங்களுக்கும் இதையே செய்யுங்கள் என்கிறேன். மகளிர் இலவசப் பயணம் இருக்கட்டும், கட்டணத்தையும் ஏற்ற வேண்டாம். அரசு தரும் பணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தாருங்கள். அதில் தேய்மானப் பங்கைச் சம்பளத்துக்கோ டீசலுக்கோ தொட முடியாத தனிக் கணக்கில் போடுங்கள். அப்புறம், எந்தப் பணிமனையில் எத்தனை வயதுள்ள வண்டிகள் ஓடுகின்றன என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

ஒரே வருடத்தில் ஆறு கழகத்துக்கும் முடியாதென்றால் கோவையில் தொடங்கலாம். ஊட்டி மலைத்தடங்களும் அந்தக் கழகத்திடம்தான் இருக்கின்றன. அந்த ஏற்றத்தில் லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டரெல்லாம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு புறநகர் பஸ் பயணி