தாதி வைத்த சேனை

அங் மோ கியோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

நான் பாட்டியாகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பேத்தி பிறந்தாள், 3.2 கிலோ. தாயும் சேயும் நலம். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மருமகளுக்குக் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதி, "பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை பார்க்க எதற்கடி அத்தனை ஊசிக் குத்து?" என்று கேட்டிருந்தாய் அல்லவா? முப்பத்தோரு ஆண்டு ஆய்வகத்தில் கழித்தவளிடம் கேட்டுவிட்டாய். இனி நீயே தடுத்தாலும் நிறுத்த மாட்டேன்.

என் மகளுக்கும் அதே கதைதான். இங்கே சிங்கப்பூரில் கருவுறும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகும்; வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையின் கணையம் இன்சுலினை அள்ளி இறைக்கப் பழகிவிடும். கொடியை அறுத்ததும் வரவு நின்றுபோகிறது, கணையத்துக்கு அந்தச் செய்தி எட்டத்தான் நேரமாகிறது. அந்த இடைவெளியில் சர்க்கரை விழுகிறது. முதல் ஓரிரு மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இறங்கும், பிறகு தானாக ஏறிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கும், எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த பிள்ளைகளுக்கும் ஏறாமல் போகலாம். மிகக் குறைவாகவே நெடுநேரம் கிடந்தால் மூளைக்குக் கேடு. உன் தம்பி பிறந்தானே, அந்த 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒரே ஆண்டில் 39,835 பிள்ளைகள் பிறந்து கின்னஸில் இடம்பிடித்தது. அத்தனை பேரில் எத்தனை பேருடைய சர்க்கரையை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்!

பேத்திக்கு முதல் குத்து விழுந்தபோது பக்கத்தில் நின்றேன். வேலை பார்த்த காலமெல்லாம் இரத்தம் என்னிடம் குழாயில்தான் வந்தது. அது புறப்பட்ட இடத்தை அன்றுதான் பார்த்தேன். தாதி சின்னப் பெண். பிள்ளையை அம்மாவின் நெஞ்சிலேயே கிடத்தி வைத்து, குதிகாலைத் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினாள். துடைத்த ஆல்கஹால் காயும்வரை பொறுத்தாள். நடுவில் எலும்பு மேலாக இருக்கும் என்பதால் ஓரமாகக் குத்தினாள். முதல் சொட்டைப் பஞ்சால் ஒற்றி எறிந்தாள். பிதுக்கவே இல்லை. அடுத்த சொட்டு தானாகத் திரண்டு குன்றிமணி போல நின்றது. பேத்தி ஒரு வீறிடல் வீறிட்டாள், பிறகு பாலைத் தேடினாள். சர்க்கரை பார்க்கும் மீட்டர் 2.3 என்றது.

பல இடங்களில் லிட்டருக்கு 2.6 மில்லிமோலுக்குக் கீழே போனால் கவனிப்பார்கள். அந்த எண் ஒன்றும் கல்வெட்டு அல்ல. 1988இல் பிரிட்டனில் குறைமாதப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்விலிருந்து அது பரவியது. 2020இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, ஓரளவு மாதம் நிறைந்த, மற்றபடி நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு 2.0 வரை பொறுத்திருந்தாலும் ஒன்றரை வயதில் வளர்ச்சி பின்தங்கவில்லை என்று காட்டியது. மருத்துவர்கள் 2.6க்கும் 2.0க்கும் சண்டை போடட்டும். என் கவலை வேறு: அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தை மீட்டர் சரியாகச் சொல்கிறதா?

மீட்டர் பெரியவர்களுக்காகப் பிறந்த கருவி. வீட்டு மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் அனைத்துலகத் தர விதி, குறைந்த அளவுகளில் 0.83 வரை முன்பின் காட்டினால் போதும் என்கிறது. நீயும் நானும் 7.0 என்று பார்த்து அது 7.8 ஆக இருந்தாலும் குடி முழுகாது. பிள்ளைக்கு உண்மையில் 2.6 இருக்கும்போது 1.8 என்று காட்டினால் வார்டே ஓடும்; 3.4 என்று காட்டினால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். போதாக்குறைக்குப் பிறந்த பிள்ளையின் இரத்தம் கெட்டியானது. சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், மீட்டரில் செருகும் பழைய சோதனைப் பட்டைகள் குறைத்தே காட்டும். புதியவை அதைக் கொஞ்சம் சரிக்கட்டுகின்றன.

அப்படியானால் ஆய்வகத்துக்கே அனுப்பிவிடலாமே என்பாய். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழாய் வார்டின் மேசை ஓரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. எங்களிடம் வந்ததும் ஓட்டிப் பார்த்து 1.6 என்று அனுப்பினேன். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அங்கே எடுத்த இரத்தத்தில் 3.1. குழாய்க்குள் கிடந்த சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிட்டிருந்தன. அப்படித் தின்னாமல் தடுக்க ஃபுளோரைடு போட்ட குழாய்தான், ஆனால் அது முழுதாக வேலை செய்யவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நான் சொன்ன எண் பொய்யில்லை, அது பிள்ளையின் எண்ணாகவும் இல்லை. அந்தத் தாய் அழுதபடி மின்தூக்கிக்குக் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதன் பிறகுதான் வார்டுக்குப் பக்கத்திலேயே, இரத்தத்திலுள்ள வாயுக்களோடு சர்க்கரையையும் அளக்கும் இரத்த வாயு இயந்திரம் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் நச்சரித்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில சொட்டு போதும், ஓரிரு நிமிடத்தில் எண் வந்துவிடும், மீட்டரைவிட நம்பகமானது. பிரிட்டிஷ் பிறப்புக்கால மருத்துவச் சங்கமும் 2017இல் அதைத்தான் பரிந்துரைத்தது. விலையைச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். தீவிரப் பிரிவில் ஒரு நாள் கூடுதலாகக் கிடக்கும் பிள்ளையின் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பேத்தி பிறந்த மருத்துவமனையில் அந்த இயந்திரம் இருந்தது, அதிலும் பார்த்தார்கள். 2.5.

இனி வேடிக்கையைக் கேள். சம்பந்தி அம்மா காலையிலேயே வெள்ளிப் பாலாடையும் சர்க்கரைத் தண்ணீருமாக வந்துவிட்டார், தொண்ணூறு வயதுப் பெரியப்பா கையால் சேனை வைக்க. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று நான் வாசலிலேயே மறித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தாதி பேத்தியின் கன்னத்தின் உட்புறத்தில் டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்! நாற்பது விழுக்காட்டுச் சர்க்கரை, எடைக்கு ஏற்ப ஒன்றரை மில்லிலிட்டர் சொச்சம். நியூசிலாந்தில் 237 பிள்ளைகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்ட வைத்தியம் அது. அதனால் பல பிள்ளைகள் தாயை விட்டுப் பிரிய வேண்டியிருப்பதில்லை. சம்பந்தி அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே நாங்களும் சொன்னோம்?" என்றார். அளந்து கொடுத்த அளவு, சுத்தம், பின்னாலேயே மறுசோதனை என்று நான் அடுக்கியது எதுவும் எடுபடவில்லை. தாதியின் குணமே வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஜெல் பட்ட கையுறையை மாற்றிவிட்டுத்தான் அவள் அடுத்த குத்துக்கு வந்தாள். இல்லையென்றால் மீட்டர் இனிப்பைச் சேர்த்து எண்ணியிருக்கும்.

அடுத்தது 2.9, பிறகு ஒவ்வொரு பாலுக்கு முன்னும் மூன்றுக்கு மேல். மறுநாளோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு குதிகாலிலும் சேர்த்து ஆறு புள்ளிகள். மகள் எண்ணி வைத்திருக்கிறாள்.

பினாங்கில் உன் மருமகள் பார்க்கும் மருத்துவமனையில் எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வை. குறைவாக வந்தால் எதில் உறுதிப்படுத்துவார்கள், ஜெல் வைத்திருக்கிறார்களா என்றும் கேள். பிரசவ வலியின்போது கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? அவளுக்கு இப்போது எத்தனையாவது வாரம்? மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் எழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் எழுது. போன கடிதத்தில் அதை நைசாகத் தாண்டிவிட்டாய்.

உன்,
மல்லிகா