'என்றாள்', 'என்றான்' இல்லாத ஒரு நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத்தின் 'டிசெப்ஷன்' நாவலுக்கு வெளியான மதிப்புரையைப் படித்தேன். அத்தகைய நூலுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும், கதைசொல்லியே இல்லாததால் சரி எது தவறு எது என்று பார்க்க ஆளில்லாமல் போய்விட்ட கதை இது என்று மதிப்புரையாளர் கூறும் குற்றச்சாட்டு நாவலைப் படித்ததால் எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரே மொழிபெயர்த்துத் தந்திருக்கும் பகுதியிலிருந்துதான் அது எழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதி நாவலின் தொடக்கம். சேர்ந்து ஓடிப்போவதைப் பற்றிக் கனவு காணும் காதலர்களுக்கென்று ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து இருவர் விளையாடுகிறார்கள். மூலத்தில் மேற்கோள்குறிக்குள் அடங்கிய பேச்சைத் தவிர வேறொன்றும் கிடையாது. கேட்பவர் யார், விடை சொல்பவர் யார் என்பதை நாம்தான் ஊகித்துக்கொண்டு போக வேண்டும். மதிப்புரையிலோ அந்த ஒரு பகுதிக்குள் 'என்றாள்' ஆறு முறையும் 'என்றான்' ஐந்து முறையும் வருகின்றன. ஓரிடத்தில் 'என்று சிரித்தபடியே கேட்டாள்' என்றுகூட இருக்கிறது. அந்தச் சிரிப்பு ராத் எழுதியதன்று. வாசகர் தடுமாறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் இவற்றைச் சேர்த்திருப்பார் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை எடுத்துவிட்டால் இந்த நாவலில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இலண்டனில் தங்கியிருக்கும், பிலிப் என்ற பெயருடைய அமெரிக்க எழுத்தாளரும், தம் மணவாழ்வில் புழுங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணும் கட்டில்கூட இல்லாத ஓர் அறையில் சந்தித்துக்கொள்கிறார்கள். கணவன் மனைவிக்கு வீடு உண்டு, உறவினர் உண்டு, வந்துபோகும் விருந்தினர் உண்டு. அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஊரே சாட்சி. இந்த இருவருக்கோ பேச்சைத் தவிர வேறு உடைமை இல்லை, ஒருவர் சொன்னதற்கு மற்றவரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. அப்படிப்பட்ட அறைக்குள் மூன்றாமவர் ஒருவர் நின்றுகொண்டு 'அவள் சன்னலருகே போனாள்' என்று நமக்குச் சொல்லத் தொடங்கினால், அந்த உறவு ஒளிவில் நடக்கும் உறவாகவே இராது. மதிப்புரையாளர் இதை நாடக வசனத்தோடு ஒப்பிடுவதும் பொருந்தவில்லை. நாடகப் பிரதியில் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பெயர் இருக்கும். மேடையிலோ நடிகரின் முகம் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இம்முறை அந்நியமானது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வியப்பாக இருந்தது. காதல் வாழ்வைப் பாடும் நம் சங்க அகப்பாடல்கள் அனைத்தும் கூற்றுகளே, அதாவது பாத்திரங்களின் நேர்ப்பேச்சுகளே அல்லவா? அவற்றில் புலவர் தம் குரலில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பிறர்மனை நயத்தலை அகமரபு பாடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தலைவன் பரத்தையிடம் சென்று மீள்வதும், அதனால் மனையில் எழும் ஊடலும் மருதத்திணையின் உயிராகவே இருக்கின்றன. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் பரத்தையைப் பேசவைக்கிறார். நம் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டுப் போகிறவன், தன் வீட்டில் புதல்வனின் தாய்க்கு முன்னால், கையையும் காலையும் தூக்கத் தூக்கும் ஆடிப்பாவையை, கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள் அவள். அவனைக் கண்டிக்க அங்கே எந்தக் கதைசொல்லி வந்தார்? அவன் வாயே திறக்காமல் அந்த ஒரு கூற்றிலேயே அளக்கப்பட்டுவிடுகிறான். கலித்தொகையின் மருதக்கலியில் தலைவியும் தலைவனும் நேருக்கு நேர் வாதாடும் பாடல்களும் உண்டு. பேசுபவர் யார், எந்தச் சூழலில் என்று சொல்லும் துறைக்குறிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாட்டுக்கு வெளியே நிற்கிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு கூற்றுகளைக் காட்டும் குறிப்புகளும் உண்டு என்பதை அகநூல்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

ராத் நம் மரபிலிருந்து விலகும் இடம் வேறு. அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். இவரோ நாயகனுக்குத் தம் பெயரையே வைத்துவிடுகிறார். நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, இந்தப் பேச்சுகள் எழுதப்பட்டிருக்கும் குறிப்பேட்டைப் பிலிப்பின் மனைவி கண்டெடுத்தபின் நடக்கும் வாக்குவாதம்தான். அந்தப் பெண் தன் கற்பனை என்றும், கற்பனைப் பெண்ணோடு பேசுகிறவனாகத் தன்னையே கற்பனை செய்துகொண்டதாகவும் அவன் வாதாடுகிறான். அப்படியானால் பிலிப் என்பதை, ராத்தின் வேறு நாவல்களில் வரும் எழுத்தாளப் பாத்திரத்தின் பெயரான நேத்தன் என்று மாற்றிவிடலாமே என்று அவள் கேட்கிறாள், அவன் இசைவதில்லை. இதுவரை நாம் கேட்ட பேச்சுகளில் எது நடந்தது, எது எழுதப்பட்டது என்ற ஐயம் அப்போது பின்னோக்கி எல்லாப் பக்கங்களிலும் பரவிவிடுகிறது. மதிப்புரை இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துவிட்டு, நாவலைத் தன்வரலாற்று வாக்குமூலமாகப் படிக்கிறது. அதற்கு இடமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ராத்தின் மனைவியாக இருந்த நடிகை கிளேர் ப்ளூம், கைப்பிரதியில் அந்த மனைவிக்குத் தம் பெயரே இடப்பட்டிருந்ததாகவும், தாம் எதிர்த்த பின்னரே அது நீக்கப்பட்டதாகவும் 1996இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். தம் பெயரை விட்டுக்கொடுக்காத ஆசிரியர் இன்னொருவர் பெயரை எவ்வளவு எளிதாக எடுத்தாண்டிருக்கிறார் என்பது என்னை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அது மனிதரைப் பற்றிய வழக்கு. நூலின் வடிவத்தைப் பற்றியதன்று.

மொழிபெயர்ப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதுகிறவர் முதல் வரியிலேயே 'நீ'யா 'நீங்கள்'ளா என்று முடிவு செய்தாக வேண்டும். மதிப்புரையில் அவள் அவனை 'நீங்கள்' என்கிறாள், அவன் அவளை 'நீ' என்கிறான். அவனை அடிக்கடி மடக்கிப் பேசும் ஒரு பெண்ணை இந்த ஒரு விகுதி வேற்றுமையே பணிவுள்ளவளாக்கிவிடுகிறது. இருவரையும் 'நீ' என்று பேசவிட்டிருந்தால், வந்தேன், போனேன் என்னும் தன்மை வினைகளில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லாத தமிழ், மூலத்தின் மறைப்பை நன்றாகவே காத்திருக்கும். அவள் கணவனைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்பாளா 'அவன்' என்பாளா என்பதும் சிறிய கேள்வியன்று. அவளுடைய மணவாழ்வின் நிலை முழுவதும் அந்த ஓரெழுத்தில் தெரிந்துவிடும்.

குறையே இல்லாத நூல் என்று வாதாடுவது என் நோக்கமன்று. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் வந்து பேசும் பகுதிகள் எனக்கு மெலிந்தே தெரிந்தன. எல்லாப் பெண்களும் சற்றேறக்குறைய அவனுக்கு இணையான சொல்வன்மையோடு பேசுவதால், சில இடங்களில் பேசுவது ஒருவரே என்று தோன்றிவிடுகிறது. அதுவும் அவன் குறிப்பேடுதான் என்பதற்கான சான்று என்று வாதிடலாம். அந்த வாதம் எனக்கே அரை மனதாகத்தான் இருக்கிறது.

மதிப்புரை உயர்த்திப் பேசும், ஆர்னோ தெப்லெஷன் இயக்கிய 2021ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் திரைப்படத்தில் லெயா செய்தூ நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் திரையில் அவர் முகத்தைப் பார்த்தவுடனே அந்தப் பெண் இருக்கிறாள் என்று நம்பிவிடுகிறோம். அவள் உண்மையா கற்பனையா என்ற மனைவியின் கேள்வி பாதி வலுவை இழந்துவிடுகிறது. படம் நாவலைத் தெளிவாக்கியது என்று மதிப்புரையாளர் பாராட்டும் இடம் இதுதான்.

ஒரு சிறு திருத்தம்: நாவல் வெளிவந்த ஆண்டு 1990, மதிப்புரையின் பெட்டிச் செய்தியில் உள்ள 1986, ராத்தின் 'தி கவுண்டர்லைஃப்' வெளிவந்த ஆண்டு.

இடம் இருக்குமானால், அதே பகுதியை அந்தப் பதினொரு சொற்களையும் அந்தச் சிரிப்பையும் நீக்கிவிட்டு, அடுத்த இதழில் மீண்டும் ஒரு முறை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்