முத்திரை ஒன்று, மூட்டை வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலச் செலவைக் குறைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எரிவாயுக் கட்டணம் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் பெலட் (மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு எரிபொருள் குச்சி) அடுப்புக்காரர்களுக்குச் சொன்ன ஒரு வரியைத்தான் விழுங்க முடியவில்லை: பையில் முதல் தரம் என்று காட்டும் ஏ1 முத்திரை இருந்தால் எல்லாப் பெலட்டும் ஒன்றுதானாம், மலிவானதைப் பார்த்து வாங்கலாமாம்.

அப்படி நினைத்துத்தான் போன நவம்பரில் ஒரே பெயர், ஒரே முத்திரையில் 70 பை இறக்கினேன். பைக்கு 15 கிலோ, மொத்தம் 1,050 கிலோ. முதல் இருபது பை வரை ஒரு குறையும் இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தால் போதும். அப்புறம் ஒருநாள் காலையில் துடைத்த கண்ணாடி மாலைக்குள் கரிச்சட்டியாகிவிட்டது. எரிகிண்ணத்தின் அடியில் சாம்பலுக்குப் பதிலாக இரும்புக் கிட்டம் போல ஒரு கட்டி. திருப்புளியால் நெம்பித்தான் எடுத்தேன். அடுப்பில்தான் பிழை என்று இரண்டு முறை திருத்துபவரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தேன். மூன்றாவது முறை அவரே, "பையை மாற்றிப் பாருங்கள்" என்றார். வேறு பெயரில் ஒரு பை வாங்கிப் போட்டேன். அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

சந்தேகம் வந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? குசினியிலிருந்து மா அரிக்கிற அரிதட்டையும் தராசையும் எடுத்துவந்தேன் (வீட்டில் அதற்கு வாங்கிய பேச்சு தனிக்கதை). ஒரு பை முழுவதையும் அரித்ததில் 240 கிராம் தூள். ஏ1 தரத்தில் பையில் அடைக்கும்போது தூள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15 கிலோவுக்கு அது 75 கிராம். லொறியிலும் கடையிலும் பைகளைத் தூக்கி எறிவதால் கொஞ்சம் உடையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே லொறியில் வந்த இன்னொரு பையை அரித்தபோது 50 கிராம்கூடத் தேறவில்லை.

இனி முத்திரைக்கு வருவோம். இஎன் பிளஸ் என்ற ஐரோப்பியத் தரச்சான்றின் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு கன மீட்டர் பெலட்டின் எடை 600 கிலோவாகவும் இருக்கலாம், 750 ஆகவும் இருக்கலாம். இரண்டும் ஏ1தான்! நம் அடுப்பு பெலட்டை நிறுத்துப் போடுவதில்லை. ஒரு திருகுத்தண்டு இத்தனை நொடி சுழன்று எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுதான். பெலட் நீளமாக இருந்தால் குறைவாக விழும், குட்டையாகவும் கனமாகவும் இருந்தால் கூடுதலாக விழும். காற்றின் அளவோ முன்பே வைத்தபடி நிற்கும். ஆக, விதி மீறாத இரண்டு பைகளே ஒரு அடுப்பைக் குழப்பப் போதும். போதாக்குறைக்கு மரப்பட்டையோ மண்ணோ சேர்ந்துவிட்டால் சாம்பல் உருகிக் கட்டியாகிறது.

முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணையும் பாருங்கள். அது பையை விற்கும் வியாபாரியின் எண்ணாகவும் இருக்கலாம். அவர் இந்த மாதம் ஒரு ஆலையிலும் அடுத்த மாதம் வேறொரு ஆலையிலும் எடுத்து ஒரே பெயரில் விற்கலாம். என் பைகளில் தேதியும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. பால் பெட்டிக்கு இருப்பது இதற்கு ஏன் இல்லை?

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் அம்மா மரத்தூள் அடுப்பில் சமைத்தார். பேணியின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவரத் தூளை இடித்து இறுக்கி, போத்தலை உருவிவிட்டுக் கீழே நெருப்பு வைப்பார். தூள் வாங்கும்போது சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடித்தூளைக் கிள்ளிப் பார்ப்பார். ஈரமென்றால் ஆலைக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் வாங்கமாட்டார். நமக்கோ ஒட்டி மூடிய பையின் வெளிப்புறம் மட்டும்தான் தெரிகிறது.

நாங்கள் இருக்கும் எமிலியா ரொமாஞ்ஞா உட்பட வட இத்தாலியின் போ ஆற்றுப் பள்ளத்தாக்கு மாநிலங்களில், காற்று மாசைக் காரணம் காட்டி, வீட்டுப் பெலட் அடுப்புகளில் ஏ1 பெலட் மட்டுமே எரிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான ஆதாரத்தையும் நாம்தான் வைத்திருக்க வேண்டும். சரி, வைத்திருக்கிறோம். அப்படியானால் எந்த ஆலையில் எந்த நாளில் அழுத்தியது என்று பையில் அச்சிடும் பொறுப்பை விற்பவருக்கும் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

அதுவரை, வெள்ளை நிறம்தான் நல்லது என்ற கடைப்பேச்சை நம்பாதீர்கள். பீச் மரப் பெலட் பழுப்பாக இருந்தாலும் நன்றாக எரியும். மொத்தமாக எடுப்பதற்கு முன் இரண்டு பை வாங்கி ஒரு வாரம் எரித்துப் பாருங்கள். மீதியை அதே அடுக்கிலிருந்து தரச் சொல்லுங்கள். ஒரு பையைப் பிரிக்காமல் வையுங்கள். நான் எரித்து முடித்த வெறும் பைகளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பையைத் தலைகீழாக உதறிக் காட்டிவிட்டு, "இதில் குறை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரெஜ்ஜோ எமிலியா, இத்தாலி