ஃபிரெஞ்சு நோட்டில் தமிழ் உச்சரிப்பு எழுத வேண்டாம்: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்பு ஃபிரெஞ்சு நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். பாதிக்கு மேல் நோட்டுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறது, அதுவும் பிள்ளைகளின் கையெழுத்து இல்லை, உங்கள் கையெழுத்து. ஒன்றில் 'சின்னப் பையன்' என்பதற்கு 'பெடிட் கார்கான்' என்று இருந்தது. வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்டது 'புத்தி கர்சோன்'. வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்றால் அது எதை நம்பும்?

ஃபிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்யெழுத்தைப் பெரும்பாலும் எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். ஆங்கிலம் மாதிரி கூட்டிப் படித்தால் கெட்டது. நம் எழுத்துக்கும் அந்த ஒலிகள் முழுசாக அடங்காது, வணக்கம் என்பதற்கு 'போன்ஜூர்' என்று எழுதினாலும் சரியில்லை, 'போன்ழூர்' என்று எழுதினாலும் சரியில்லை. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். (இந்தக் கடிதத்தில் நானும் தமிழில்தான் எழுதுகிறேன், வேறு வழியில்லை. பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.)

"மார்க் நிறைய வரும் என்றுதானே ஃபிரெஞ்சு எடுத்தோம்" என்று சிலர் என்னிடம் நேராகவே சொன்னீர்கள். சரி, மார்க் வரட்டும். ஆனால் மனப்பாடம் பண்ணிய பத்து வாக்கியம் பரீட்சையோடு போய்விடும். பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு அப்படிப் படிப்பதுதான் எனக்கு வருத்தம். ஃபிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டார்கள், ஆனால் 'கொம்யூன்' பஞ்சாயத்து இன்னும் நம் அரசாங்கத் தாளிலேயே இருக்கிறது, கடற்கரைச் சாலைக் கட்டடத்தை இன்னும் 'மேரி' என்றுதான் சொல்கிறோம், அந்தக் காலத்துப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் நமக்கு 'சொல்தா'. இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஃபிரெஞ்சு. அந்த மேரிக்கு ஃபிரெஞ்சில் 'ஓத்தெல் து வில்' என்றும் பெயர், தங்கும் ஓட்டல் என்று நினைத்துவிடாதீர்கள், நகராட்சி மன்றம் என்று அர்த்தம்.

இலக்கணத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், சில இடங்களில் நமக்குத்தான் சுலபம். 'தூ', 'வூ' என்று இரண்டு இருக்கிறதே, அது அப்படியே நம் நீ, நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டும், நம் பிள்ளைக்கு ஒரு வரி போதும். ஆங்கிலத்து 'the' மாதிரி சொல்லுக்கு முன்னால் வரும் 'லு' என்பதோடு 'அமி' (நண்பன்) சேர்ந்தால் 'லாமி' ஆகும். அது+என்ன 'அதென்ன' ஆவதைத் தமிழ் வகுப்பில் படித்தார்களே, அந்தப் புணர்ச்சிதான், மொழி மட்டும் வேறு. அதனால் ஃபிரெஞ்சு நன்றாக வர வேண்டும் என்று தமிழ்ப் பாடத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் வர வேண்டாம்.

திணறுவது ஆண்பால் பெண்பாலில். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, 'அது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அங்கே மேசை பெண், புத்தகம் ஆண், சூரியன் ஆண், நிலா பெண். ஏன் என்று கேட்டால் பல சொற்களுக்குக் காரணம் கிடையாது, அதனால் சொல்லைத் தனியாகப் படிக்காமல் 'லா தாபிள்', 'லு லிவ்ர்' என்று முன்னொட்டோடு சேர்த்தே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் நாற்காலி, கதவு, ஜன்னல் மேலெல்லாம் சீட்டு ஒட்டட்டும், சுவர் கெடும் என்று திட்டாதீர்கள். எண்களும் கொஞ்சம் வம்புதான். 70 என்பது அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 97 வந்தால் நான்கு-இருபது-பத்து-ஏழு! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச் சொல்லே உண்டு என்று சொன்னபோது, ஒரு பெண் எழுந்து "அப்ப நாங்க பெல்ஜியம் ஃபிரெஞ்சே படிக்கிறோம் மிஸ்" என்றாள்.

அப்புறம் பழக்கம். பிரான்சில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர் மதாம்' என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் நேரே "ஒரு பகெத் (நீள ரொட்டி) கொடுங்கள்" என்றால் மரியாதை இல்லாதவர் என்று நினைப்பார்கள். அந்த வணக்கம் மார்க் எடுப்பதைவிட முக்கியம் என்பது என் கட்சி.

ஆக, இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் சும்மா கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, திருத்த வேண்டாம். தாத்தா பாட்டிக்கு ஃபிரெஞ்சு தெரிந்த வீடுகள் நம் பள்ளியில் சில இருக்கின்றன, அவர்களிடம் உட்கார வையுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கடற்கரை காந்தி சிலை அருகே கூடி, நீலப் பலகைகளில் உள்ள வீதிப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கப் போகிறோம். 'ரூ து லா மரீன்' பலகையில் 'லா' ஏன் வந்தது என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில், தொப்பி அனுப்புங்கள். 9 மணிக்கு முடிந்துவிடும், வந்து கூட்டிக்கொண்டு போகலாம். வழியில் பேக்கரியில் பன் வாங்க இருபது ரூபாய் கொடுத்துவிடுங்கள், கடைக்காரருக்கு ஃபிரெஞ்சு தெரியாது, அவரிடம் தமிழில்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்