அப்பா கேட்ட கேள்விக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நீ என்ன டாக்டருக்கா படிக்கிறாய்? படிக்கப் போன இடத்தில் மற்றவர்கள் உடம்பைப் பற்றி உனக்கு எதற்குக் கவலை?" என்றீர்கள். பதில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். எழுதினால் முழுவதும் சொல்லிவிடலாம்.

நான் செய்வதற்கு இங்கே பியர் எஜுகேட்டர் என்று பெயர். தூக்கம், மது, மனச்சோர்வு, பாலியல் நோய்கள், தடுப்பூசி என்று பெரியவர்களிடம் கேட்க மாணவர்கள் தயங்கும் விஷயங்களை மாணவர்களே மாணவர்களுக்கு எடுத்துச் சொல்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் இது நேற்று வந்த வழக்கமல்ல. குடியால் மாணவர்களுக்கு வரும் கேடுகளைக் குறைக்க 1975-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பாக்கஸ் என்ற அமைப்பு தொடங்கியது. பின்னர் அது பல கல்லூரிகளுக்குப் பரவியது. நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை. யாருக்கு என்ன நோய் என்று சொல்வதும் எங்கள் வேலை இல்லை. எது தெரியும், எது தெரியாது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதைத்தான் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுத்தார்கள்.

இதில் ஏன் சேர்ந்தேன் என்பதற்கு, உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த முதல் செமஸ்டரில் ஒவ்வொரு வாரமும் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இரவில் நான்கு மணி நேரம்தான் தூங்கினேன். மாலையில் காபி, நள்ளிரவில் மறுபடி காபி. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒன்றும் மனதில் நிற்காது. வகுப்பில் யாரிடமும் பேசாமல் நாட்கள் கழிந்தன. நீங்கள் பட்ட கடனை நினைத்தால் வாய் திறக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் நூலக வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டாள். நான்கு என்றேன். அவள் திட்டவும் இல்லை, பதறவும் இல்லை. "கடைசியாக நன்றாகத் தூங்கி எழுந்தது எப்போது?" என்று மட்டும் கேட்டாள். அங்கேயே அழுதுவிட்டேன், அப்பா. இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். நம் வயதுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான் என்றாள். பிறகு மேசையைத் தோழியிடம் விட்டுவிட்டு, கவுன்சலிங் மையம் வரை என்னோடு நடந்து வந்தாள். முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

இப்போது நானும் அதே மேசையில் உட்காருகிறேன். மது பற்றிய மேசை என்றதும் அம்மா பயந்தாராமே? அங்கே இருப்பது வண்ணம் கலந்த தண்ணீர்தான். பெரிய கோப்பையைக் கொடுத்து, "ஒரு அளவு ஊற்று" என்போம். ஊற்றியதை அளந்து பார்த்தால் பலருக்கும் ஒன்றரை, இரண்டு அளவு இருக்கும். இந்த நாட்டுக் கணக்கில் ஓர் அளவு என்பது 14 கிராம் ஆல்கஹால். 355 மில்லி பீரிலும் 44 மில்லி விஸ்கியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். மது வாங்க 21 வயது ஆகவேண்டும் என்பது சட்டம். அதற்குள் குடிப்பவர்கள் உண்டு என்பதும் எல்லாருக்கும் தெரியும். மயங்கிக் கிடப்பவனைத் தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது, குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே போகலாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து இந்த நாட்டின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும், தனியே விட்டுப் போகக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஒன்றைக் காட்டினார்கள். மற்ற மாணவர்கள் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் குடியை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்களாம். 'எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும்தான் மாட்டேன் என்கிறேன்' என்று தனியாகத் தவிக்கும் முதலாண்டு மாணவனிடம் இதைச் சொல்லும்போது அவன் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கடினமாக இருந்தது அறிவுரை சொல்லாமல் இருப்பது. முதல் மாதத்தில் ஒரு பையன் தேர்வு பயத்தைப் பற்றிப் பேச வந்தான். அவன் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நான் பத்து யோசனை சொன்னேன். "சரி, நன்றி" என்று எழுந்து போய்விட்டான். அன்று இரவு முழுவதும் உறுத்தியது. 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும், 'என்ன நடந்தது' என்று கேள் என்று எங்கள் பொறுப்பாளர் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் அவனைத் தேடிப் போய் அப்படிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினான்.

இன்னொன்றும் பழக வேண்டியிருந்தது. ஒருவர் மிகவும் உடைந்து பேசினால், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்தேன். அப்படி விதைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு உதவும் 988 என்ற எண்ணை 2022 ஜூலையிலிருந்து இந்த நாட்டில் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். மாணவர்கள் சொல்வதை வெளியே சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் இதற்குப் போகிறது. படிப்பு கெடவில்லை, போன செமஸ்டரைவிட மதிப்பெண் கூடியிருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தம்பி அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறான். போனில் பேசும்போது மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், அப்பா. நன்றாகத் தூங்கினாயா என்று முதலில் கேளுங்கள். "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று அவன் சட்டென்று சொன்னால், போனை வைக்காமல் கொஞ்சம் காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்