வருடத்தின் சிறந்த டோர்ச் எது? வாக்கெடுப்புப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பின்னேரத்தில் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் டோர்ச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. யாரென்று உங்களுக்கே தெரியும். இந்த வருடம் வந்ததில் எது நல்லது என்று அவர்களுக்குள் நடக்கும் தர்க்கம் கடை பூட்டும் நேரத்தையும் தாண்டிப் போகிறது. இதை ஒரு வாக்கெடுப்பாகவே நடத்தி முடித்தால் என்ன என்று அவர்கள்தான் கேட்டார்கள். நல்ல யோசனை. இடம் தருகிறோம், துண்டுச்சீட்டு அடித்துத் தருகிறோம், பிளேன்டீயும் தருகிறோம். ஆனால் எல்லோரையும் கூட்டிக் கை தூக்கச் சொல்லி எண்ணுவதென்றால் அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. எங்கள் பில் புத்தகத்தைப் புரட்டினால் எது அதிகம் விற்றதென்று தெரிந்துவிடும். அதிகம் விற்றது வேறு, நல்லது வேறு. தொட்டுப் பாவித்தவர்களின் வாக்கு மட்டும் எண்ணப்பட்டால்தான் இந்த முடிவுக்கு மதிப்பு. அதற்கு என்ன செய்யலாம் என்று நாங்கள் நினைப்பதைக் கீழே எழுதுகிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள்.

முதலில், 'இந்த வருடம்' என்றால் எந்த வருடம்? வெளிநாட்டு ஆர்வலர்கள் இப்படி வாக்கெடுப்பு வைத்தால், அந்த வருடம் சந்தைக்கு வந்த மாடல்களைத்தான் எடுப்பார்கள். நமக்கு அது சரிவராது. சீனாவில் மார்ச்சில் வந்த டோர்ச் மட்டக்களப்பில் ஒருவர் கைக்கு வர ஆடி, ஆவணி ஆகிவிடும். கடைசி மாதங்களில் வந்தவற்றை யாரும் கண்ணாலேயே கண்டிருக்க மாட்டோம். அதனால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை இங்கே யாராவது ஒருவர் கையில் முதன்முதலாக வந்து சேர்ந்த மாடல் எதுவும் போட்டியில் நிற்கலாம். பழைய மாடலுக்குப் பச்சை நிறம் பூசி விட்டால் அது புதுசு இல்லை. உள்ளே எல்.ஈ.டி.யோ, மின்சுற்றோ, பற்றரி அளவோ மாறியிருந்தால் புதுசு.

வாக்களிப்பை டிசம்பரில் வைக்க வேண்டாம், தைப்பொங்கல் கழிந்து வைப்போம் என்கிறோம். காரணம் மாரி. நம் பகுதியில் கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு மாதம் பாவித்துப் பார்க்காத டோர்ச்சைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. சார்ஜ் ஏற்றும் துளைக்கு மேல் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் மூடி எத்தனை டோர்ச்சுக்கு யமன் என்பது எங்கள் திருத்த மேசைக்குத் தெரியும்.

சரி, எதை எதோடு ஒப்பிடுவது? சாவிக்கொத்தில் தொங்குகிற விரலளவு டோர்ச்சையும் வட்டைக் காவலுக்குக் கொண்டுபோகிற பெரிய டோர்ச்சையும் ஒரே சீட்டில் போடுவது, ஓட்டோவையும் உழவு இயந்திரத்தையும் ஒன்றாக ஓடவிட்டு எது நல்லது என்று கேட்கிற மாதிரி. பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் நீளத்தையும் விலையையும் வைத்துப் பிரிப்பதைவிட வேலையை வைத்துப் பிரிப்பது நல்லது. வெல்லாவெளிப் பக்கம் வாடியில் இரவு காவல் இருக்கிறவருக்குத் தூரம் அடிக்க வேண்டும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கிட்டப் போகாமலே தெரிய வேண்டும். வாவியில் அத்தாங்கு போடுகிறவருக்குத் தூரம் தேவையில்லை. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதனால் தலையில் கட்டுகிற லைட். உகந்தையில் இருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு எடை குறைவாகவும் நாள் கணக்கில் தாக்குப்பிடிப்பதாகவும் இருக்க வேண்டும். காட்டுக்குள் சார்ஜ் போட எங்கே போவது? அவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் ஏஏ பற்றரியில் எரிகிற டோர்ச்தான் சரி என்று சிலர் சொல்வார்கள். பெரிய டோர்ச்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு பேரும் அவரவர் பிரிவில் வாக்களிக்கட்டும்.

வீட்டுப் பிரிவு ஒன்றும் கட்டாயம் வேண்டும். கரண்ட் போனால் எடுக்கிற டோர்ச். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோமே, அப்போது எந்த டோர்ச் நின்றது, எது படுத்தது என்று குசினியில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். ஆகவே வீட்டுப் பிரிவில் வாக்கு, அதைத் தினமும் தொடுகிறவருக்கு. காசு கொடுத்தவருக்கு அல்ல. இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட டோர்ச்சுகளுக்குத் தனியாக ஒரு பரிசு. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது அதைத்தான்.

இனிப் பெட்டியில் அச்சடித்த இலக்கங்கள். 2009இல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது. நல்ல கம்பனிகள் அதன்படிதான் இலக்கம் போடுகின்றன. ஆனால் அந்த இலக்கங்கள் சொல்வது என்ன என்று தெரியாமல் வாக்களித்தால் பெட்டிக்கு வாக்களித்த மாதிரிதான். லூமன் என்பது டோர்ச்சைப் போட்டு முப்பது விநாடியில் இருந்து இரண்டு நிமிடத்துக்குள் அளந்த மொத்த வெளிச்சம். மூன்றாவது நிமிடத்தில் சூடேறி அது பாதியாக இறங்கினாலும் இலக்கம் மாறாது. எரியும் நேரம் என்பது, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் உள்ள நேரம். நாற்பது மணித்தியாலம் என்று போட்டிருந்தால், அதில் முப்பத்தெட்டு மணித்தியாலம் மங்கலாக எரிந்ததாகவும் இருக்கலாம். தூரம் இன்னும் வேடிக்கை. ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அது கால் லக்ஸ் ஆகக் குறைகிற இடம் வரைக்கும் அளந்து அதைத் தூரம் என்கிறார்கள். கால் லக்ஸ் என்றால் கிட்டத்தட்டப் பூரணை நிலா வெளிச்சம். மீன் பாடுவதைக் கேட்கப் பூரணையில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போனவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் எவ்வளவு தெரியும் என்று தெரியும். ஆள் நிற்பது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. பெட்டியில் 200 மீற்றர் என்றால், நூறு மீற்றர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தூரத்தை இரட்டிப்பாக்க வெளிச்சக் கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். செறிவை அளக்கும் அலகு கண்டெலா. 10,000 கண்டெலா 200 மீற்றர் போனால், 400 மீற்றருக்கு 40,000 வேண்டும். "இது அதைவிட இரண்டு மடங்கு லூமன், இரண்டு மடங்கு தூரம் போகும்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் எங்கள் கடைப் பொடியனாக இருந்தாலும்.

அதனால் நாமே அளப்போம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறைக்கு வெள்ளைச் சீலிங் இருக்கிறது. கதவைச் சாத்தி, டோர்ச்சை மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, லக்ஸ் அளக்கிற செயலி உள்ள ஒரே போனை ஒரே இடத்தில் நிலத்தில் வைத்தால் போதும். முப்பதாவது விநாடியில் ஒரு தடவை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அரை மணித்தியாலம் வரை குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இலக்கம் உண்மையான லூமன் அல்ல. ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதற்கு அது தாராளம். மின்விசிறி போடக் கூடாது. விசிறிக் காற்றில் வைத்தால் சூடு ஏறாது, வெளிச்சமும் இறங்காது, பார்க்க அழகாக இருக்கும். வயலில் யார் விசிறி பிடிக்கிறார்கள்?

நிறத்துக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறோம். காய்ந்த சருகைப் பரப்பி, அதற்குள் மண்ணிறத்தில் புள்ளி வைத்த ஒரு கயிற்றுத் துண்டைப் போட்டுவிடுவோம். பக்கத்தில் செத்தல் மிளகாய், வெற்றிலை. நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் மிளகாய் செத்துப்போய்த் தெரியும், கயிறும் சருகும் ஒரே நிறமாகிவிடும். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 4000, 5000 அளவில், நிறத்தை ஒழுங்காகக் காட்டும் எல்.ஈ.டி. உள்ள டோர்ச்சில் கயிறு தனியாகத் தெரியும். அது கயிறாக இல்லாமல் புடையன் பாம்பாக இருக்கிற ஒரு இரவில் இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு விலை என்று நீங்களே யோசியுங்கள். லூமன் குறைவாக இருந்தாலும் நிறம் நல்லதென்றால் எங்கள் வாக்கு அதற்குத்தான். ஆனால் எங்களுக்கு வாக்கு இல்லை, அதைப் பிறகு சொல்கிறோம்.

தூரச் சோதனை ஒரு சனிக்கிழமை இரவு, இஷா தொழுகை முடிந்த பிறகு, அமாவாசையை ஒட்டி. நிலா இருந்தால் எல்லா டோர்ச்சும் ஒன்றுதான். வயல் பாதையில் ஐம்பது மீற்றருக்கு ஒரு கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையில் எழுத்து எழுதி வைப்போம். எந்தக் கம்பு வரை எழுத்து வாசிக்க முடிகிறதோ அதுதான் தூரம். டோர்ச்சின் பெயர் தெரியாமல் கறுப்பு டேப் சுற்றிக் கொடுப்பது நல்லதென்று ஒருவர் சொன்னார். செய்வோம். ஆனால் நம் ஆட்கள் சுவிச்சை அமத்துகிற சத்தத்திலேயே மாடலைச் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் உண்மை. வானத்தைப் பார்த்தோ, விமான நிலையப் பக்கமோ, வாவியில் தோணிக்காரரின் கண்ணிலோ யாரும் அடிக்கக் கூடாது. யானையைத் தேடிப் போய்ச் சோதிக்கவும் வேண்டாம்.

பற்றரி விஷயத்தில் கடை கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். 18650 செல் (திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் பற்றரி) என்றால் 18 மில்லிமீற்றர் குறுக்கு, 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல கம்பனிகளின் செல்லே பெரும்பாலும் 3,500, 3,600 மில்லி அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவோடு நின்றுவிடுகிறது. 9,900 என்று அச்சடித்த செல்லோடு வருகிற டோர்ச் போட்டிக்கே வராது. மேலுறை கிழிந்த செல்லைச் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள். உதிரிச் செல்லைச் சாவியோடு பொக்கற்றில் போட்டுக்கொண்டும் வராதீர்கள். மறுகா 'எனக்குத் தெரியாதே' என்று சொல்லக் கூடாது.

அப்புறம் எண்ணுகிற முறை. இதில்தான் அதிக தர்க்கம். ஆளுக்கு ஒரு புள்ளடி, கூடப் பெற்றது வென்றது என்று வைத்தால் என்ன நடக்கும்? முப்பது பேர் வாக்களிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் அடிக்கிற ஒரு டோர்ச்சுக்குப் பன்னிரண்டு. பொக்கற் டோர்ச்தான் நல்லது என்று நினைக்கிற பதினெட்டுப் பேர், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு மாடல்களுக்குப் பத்தும் எட்டுமாகப் பிரிந்துவிடுகிறார்கள். பதினெட்டுப் பேர் வேண்டாம் என்ற டோர்ச் வென்றுவிடும். நம் ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வரிசையில் 1, 2, 3 என்று போட விடுவது இதற்காகத்தான். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் முதல் தடவையாக இரண்டாவது சுற்று எண்ணினார்கள், எல்லோரும் பார்த்தோம். அந்த முறைப்படி எண்ணினால், கடைசியாக வந்த டோர்ச்சின் எட்டுச் சீட்டிலும் உள்ள இரண்டாம் விருப்பு மற்றப் பொக்கற் டோர்ச்சுக்குப் போய், பதினெட்டுக்குப் பன்னிரண்டு என்று முடியும்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. முதல் இரண்டு இடத்துக்குள் வராதவை எல்லாம் ஒரேயடியாக வெளியே போய்விடும். டோர்ச்சுகளில், எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடிக்கிற ஒன்றுதான் பல நேரம் உண்மையில் நல்லது. அது முதல் எண்ணிக்கையிலேயே அடிபட்டுவிடும். பிரெஞ்சுக் கணிதர் போர்டா 18ஆம் நூற்றாண்டில் சொன்னபடி இடத்துக்கு இடம் புள்ளி கொடுத்துக் கூட்டலாம் என்றால், தன் டோர்ச்சை வெல்ல வைக்க அதன் போட்டியாளனை வேண்டுமென்றே கடைசியில் போடுகிறவர்கள் இருப்பார்கள். நம் கூட்டத்தில் யார் அப்படிச் செய்வார் என்று பெயர் சொல்லவே எங்களால் முடியும்.

அதனால் முதல் சுற்றில் பிடித்த எல்லாவற்றுக்கும் புள்ளடி போடலாம் என்று வைப்போம். சீட்டில் இரண்டு நிரல் இருக்கும்: 'பாவித்தேன்', 'பிடித்திருக்கிறது'. பாவித்தேன் என்று போடாததற்குப் பிடித்திருக்கிறது என்று போட்டால் அந்த வரி நிராகரிக்கப்படும். பாவித்தவர்களில் எத்தனை பங்கு பேருக்குப் பிடித்தது என்றுதான் பார்ப்போம். அப்போதுதான் நாங்கள் நிறைய விற்ற டோர்ச்சுக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருந்து எடுப்பித்த டோர்ச்சுக்கும் நியாயம் கிடைக்கும். குறைந்தது எட்டுப் பேராவது பாவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மேலே வருகிற நாலைந்தை வைத்து இரண்டாம் சுற்று, அதற்கு 1, 2, 3. சமமாக வந்தால் களஞ்சிய அறையில் அரை மணித்தியாலம் கழித்தும் கூட வெளிச்சம் தந்தது வெல்லும்.

கடைக்காரருக்கும் கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் வாக்குக் கிடையாது. விற்கிறவன் நடுவராக இருப்பது அழகில்லை. எண்ணுவது வாடிக்கையாளர்களில் மூன்று பேர், எல்லோருக்கும் முன்னால். வென்றதை மட்டும் இல்லாமல் எல்லா டோர்ச்சின் எண்ணிக்கையையும் கடை வாசலில் ஒட்டுவோம். கடைசியாக வந்தது எங்கள் இறாக்கையில் இருக்கிற சாமானாக இருந்தாலும் ஒட்டுவோம். வென்ற டோர்ச் எங்களிடம் இருந்தால் அன்றைய விலைதான், மறுநாள் விலை ஏறாது.

துண்டுச்சீட்டு பொங்கலுக்கு அடுத்த கிழமையில் இருந்து கல்லாப் பெட்டியடியில் இருக்கும். வாகரையில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ சோதனை இரவுக்கு வர முடியாதவர்கள், சொந்த டோர்ச்சை ஒரு மாதமாவது பாவித்திருந்தால் சீட்டை நிரப்பி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். வருகிறவர்கள் முழுதாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், உங்கள் பெயரை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடையார்,
கல்லடி, மட்டக்களப்பு.

பி.கு.: "ஒருக்கா அடித்துப் பார்த்துவிட்டுத் தாறன்" என்று காட்சிப் பெட்டியில் இருந்து டோர்ச் கொண்டுபோனவர்கள், சோதனை இரவுக்கு முன் திருப்பித் தரவும். பட்டியலில் அவையும் இருக்கின்றன.