கப்பல் கொழும்புக்கு வர முதல்

கொட்டாஞ்சேனை
ஜனவரி 3

அன்பு மகன் நிரோஷனுக்கு அப்பா எழுதுவது.

அம்மா சுகம். செல்வியின் விசயம் முடிவாகிவிட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன். இதைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். வைஃபை கிடைக்கிற நேரத்தில் பெரிதாக்கி வாசி. போன் எடுத்தால் "வேலை அப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதுதான் எழுத்து.

நீ குசினியில் வேலை செய்கிற பயணிகள் கப்பல் தாய்லாந்துப் புக்கெட்டில் இருந்து வெளிக்கிட்டால் நடுவில் ரெண்டு நாளும் கடல்தான். அந்த ஊர் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசம். ஒரு இரவு ஒரு மணித்தியாலம், மற்ற இரவு அரை மணித்தியாலம் என்று மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். மேற்கே வருகிறவனுக்குச் சும்மா கிடைக்கிற வரவு அது. அதைக் குரூ பாரில், கப்பல் வேலையாட்களின் குடிக்கிற இடத்தில், கரைக்காதே. நித்திரை கொள்.

துறைமுக நாள் பயணிகளுக்குத்தான் ஆறுதல், குசினிக்கு இல்லை. கண்டிக்கும் பின்னவலைக்கும் போகிற பஸ்கள் வெள்ளெனப் புறப்படும். அதற்கு முதல் காலைச் சாப்பாடு முடிய வேண்டும், அதற்கும் முதல் நீ அடுப்படியில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு எல்லாம் ஓய்ந்ததென்று கட்டிலில் விழுந்தால் பயிற்சி மணி அடிக்கும், ஏழு குட்டை, ஒரு நீளம். பயணிகள் இறங்கியிருக்கிற நேரம் பார்த்துத்தான் அதை வைப்பார்கள். லைஃப் ஜக்கெட்டோடு போய் நின்று திரும்பி வந்தால் அந்த நித்திரையும் போய்விடும். சட்டப்படி 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலம் ஓய்வு. அதை ரெண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, ஏழு நாளில் 77 வர வேண்டும். உனக்கு மூன்று துண்டாக, நாலு துண்டாக வருகிறதா? ஓய்வு நேரம் பதிகிற தாளில் மட்டும் ரெண்டு துண்டாக நிற்கிறதா? உன் கொப்பியில் தனியாக எழுது. தொடங்கின நேரம், விட்ட நேரம், அவ்வளவு போதும். மணிக்கூடு மாறின இரவுகளையும் குறித்து வை.

துறைமுகத்துக்குள் நுழைய முதல் கப்பலின் ஆட்டத்தைத் தணிக்கிற செட்டைகளை உள்ளே மடித்துவிடுவார்கள். வேகமும் குறையும். தை மாதத்தில் எங்கள் பக்கத்துக் கடல் அமைதிதான். என்றாலும் ஒரு நீள அலை பக்கவாட்டில் வந்தால், ரெண்டு நாளாக அசையாத தட்டு அன்றைக்குச் சறுக்கும். காலைச் சாப்பாட்டு நெருக்கடியும் அதே நேரம்தான். வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி போடு. அடுப்புத் தடுப்புக் கம்பியைக் கழற்ற விடாதே. சூப்புப் பானையை மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் நிரப்பாதே, பொரிக்கிற எண்ணெய் கோட்டுக்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். ஸ்டீம் அவணை ஒரே இழுவையில் திறக்காதே. கதவுக்குப் பின்னால் நின்று ஒரு விரல் அகலம் திற, ஆவி போகட்டும், பிறகு முழுக்கத் திற. கத்தி நழுவினால் பிடிக்கப் போகாதே, பின்னுக்குப் பாய்.

கீழ்த்தளத்தில் நீர்புகாக் கதவுகள் மூடியிருக்கும். அவசரத்தில் பொடியன்கள் பாதி திறந்தவுடன் தட்டோடு நுழைவார்கள். நீ கதவு முழுக்கத் திறக்கும்வரை பிடியை அமத்திக்கொண்டு நில். ஒரு கை இந்தப் பக்கப் பிடியில், மற்றக் கை அந்தப் பக்கப் பிடியில் இருக்கத்தான் கடக்க வேண்டும். அதற்குத்தான் கையில் சாமான் கூடாது என்கிறது. ஆள் குறுக்கே நின்றால் நின்றுவிடுகிற லிஃப்ட் கதவு இல்லை அது, எலும்பையும் நசித்துக்கொண்டு மூடும்.

இறைச்சி சீவுகிற மெசினைப் பற்றி முதலும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். கழுவ முதல் தடிப்பு வைக்கிற குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பு, அப்போதுதான் அலகின் வாய் தட்டுக்குப் பின்னால் மறையும். பிளக்கைக் கழற்று, சுவிட்சை மட்டும் நம்பாதே. வெட்டுப்படாத கையுறை ரெண்டு கைக்கும் போடு. துணியை நடுவில் வைத்து வெளிப்பக்கமாகத் துடை, விளிம்பைச் சுற்றித் துடைக்காதே. யாராவது கூப்பிட்டால் கையை எடுத்த பிறகு திரும்பிப் பார். கண் சொருகினால் அப்படியே மூடி, கழுவவில்லை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போய்ப் படு. ஏச்சு விழும், விழட்டும்.

நத்தாருக்கு நீ அனுப்பின படத்தை அம்மா பெரிதாக எடுப்பித்துச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகும்போதும் கைப்பையில் அதன் சின்னப் பிரதி. ஜம்பட்டா வீதி முழுக்கக் காட்டித் திரிந்தது நான்தான். வெள்ளைச் சட்டையில் ஒன்பது பேர், எல்லோர் கையும் பக்கத்தில் நிற்கிறவன் தோளில். உன் இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால். இடுப்போரத்தில் நீலமாக ஒரு நுனி தெரிகிறது. அம்மா அதை ரிப்பன் என்கிறா. குசினியில் பிளாஸ்டர் ஏன் நீலம் என்று அவவுக்குத் தெரியாது. நீல நிறத்தில் சாப்பாடு இல்லை, கழன்று சட்டிக்குள் விழுந்தாலும் கண்ணில் படட்டும் என்றுதான் அந்த நிறம். நானும் ரிப்பன் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

காயம் என்று ஒன்று வந்தால் அன்றைக்கே எழுத்தில் வர வேண்டும். எந்த மெசின், எத்தனை மணி, யார் பக்கத்தில் நின்றது என்று எல்லாம். மெடிக்கல் சென்ரர் தருகிற தாளின் பிரதியைக் கேட்டு வாங்கு. கப்பலில் வந்த காயத்துக்கு வைத்தியச் செலவு உரிமையாளருடையது, கப்பலில் இருக்கும்வரை சம்பளமும் குறையாது. இரக்கப்பட்டுத் தருவதில்லை, உனக்குச் சேர வேண்டியது. எழுதாமல் விட்ட காயத்துக்குத்தான் பிறகு ஆயிரம் கேள்வி வரும். காயம் சிவந்து சூடாகிச் சீழ் பிடித்தால் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பாட்டில் கை வைக்காதே. அந்தக் கிருமி சாப்பாட்டில் விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சொன்னால் வேறு வேலைக்கு மாற்றுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நித்திரை, நித்திரை என்று ஏன் உயிரை எடுக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கப்பலில் இருந்த காலத்தில் எங்கள் குசினியில் ஓய்வுத் தாளை எழுதினது நான்தான். எல்லோர் வரியிலும் 10, 10, 10. ஒரு பொடியன், உன்னிலும் இளையவன், விடிய நாலு மணிக்குத் தொடங்கினவன். அவனை இரவு பதினொன்றுக்கு அந்த மெசினைக் கழுவ விட்டதும் நான்தான். ரெண்டு விரலின் நுனி போனது. விசாரணையில் தாளை எடுத்து வைத்து, இது சரியா என்று என்னிடம் கேட்டார்கள். சரி என்றேன். நன்றாக ஓய்வெடுத்தவன் கவனமில்லாமல் வேலை செய்தான் என்று எழுதி முடித்து, அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். படியில் இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அம்மாவுக்கு இது தெரியாது. நீயும் குசினிக்குத்தான் போகிறேன் என்று வந்து நின்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் கத்தி செட் வாங்கித் தந்தேன்.

இனி வருகிற நாளைப் பற்றி. பாஸ் இல்லாமல் எங்களைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள், நீதான் வெளியே வர வேண்டும். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலில் இருந்தாக வேண்டியவர்களின் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார். இருந்தால் புக்கெட்டை விட முதல் யாரோடும் மாற்று, கடைசி நாளில் ஒருவனும் மாறித் தரமாட்டான். குரூ திரும்ப வேண்டிய நேரம் பயணிகளின் நேரத்துக்கு முந்தினது, பலகையில் பார்த்துக் குறி. கோட்டையில் இருந்து வீடு கிட்டத்தான், ஆனால் மத்தியானம் புறக்கோட்டையில் லொறியும் தள்ளுவண்டியும் அடைத்துக்கொண்டு நிற்கும், திரும்பும்போது ஒரு மணித்தியாலம் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். கடலில் இருந்து பார்க்க இப்போது முதலில் தெரிவது தாமரைக் கோபுரமாம். 350 மீற்றர் உயரம், என் காலத்தில் இல்லை. நான் விடிய ஐந்தரைக்கே காலிமுகத்திடலில் நிற்பேன். தெற்கே இருந்து வருகிற கப்பல் அந்த வழியால்தான் கடக்கும். உள்ளே போனதும் நடந்து கேட்டுக்கு வந்துவிடுவேன்.

சொக்கலேட் ஒன்றும் சுமந்துகொண்டு வராதே. அம்மா இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வைப்பா. வலது கையால் சாப்பிடலாம், அவ ஒன்றும் கேட்கமாட்டா. நான் கேட்பேன். வீட்டுக்கு வர முதல், ஓட்டோவுக்குள் வைத்து.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா